பன்னிரண்டாவது ஆள்

பஸ் படம் திரையில் விழுந்ததும் நலச்சங்கக் கூடத்தில் டீ உறிஞ்சும் சத்தம்கூட நின்றுபோனது.

அதுவரைக்கும் ஒரே கூச்சல். ஊர் வரலாற்றுக் குழுவின் படக்காட்சி என்று பெயர்தான். படம் பார்க்க அங்கே யாரும் வருவதில்லை. படத்தில் இருப்பவர்களுக்குப் பெயர் சொல்ல வருகிறார்கள். கால்பந்து அணியோ பள்ளிக்கூடப் படமோ, கடைசி வரிசைவரை பெயர் சொல்லித் தீர்த்தால்தான் அடுத்ததைப் போட விடுவார்கள். கசாப்புக் கடை வாசலில் நின்ற நாய்க்குக்கூடச் சற்றுமுன் பெயர் கிடைத்தது. அதிலும் இரண்டு கட்சி.

இப்போது ஒருவரும் வாய் திறக்கவில்லை.

ஜன்னல்களில் கம்பிவலை போட்ட பஸ். எண்பத்து நாலில் தொடங்கிய நிலக்கரிச் சுரங்க வேலைநிறுத்தத்தின் கடைசிக் குளிர்காலம். ஊரே வயிற்றைக் கட்டிக்கொண்டு கிடந்தபோது, போலீஸ் காவலோடு வேலைக்குப் போன பன்னிரண்டு கருங்காலிகள் அதற்குள் இருந்தார்கள். பதினோரு பேரை ஊருக்குத் தெரியும். அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கு இன்றைக்கும் இந்தக் கூடத்தில் நாற்காலி நகர்த்திக் கொடுக்க ஆள் இல்லை.

பன்னிரண்டாவது ஆள் இருட்டிலேயே பக்கத்து ஊருக்கு நடந்துபோய், முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு அங்கே பஸ் ஏறினான். அவன் யார் என்று நாற்பது வருஷமாக யாருக்கும் தெரியாது.

நொரீனுக்குத் தெரியும். கட்டிக்கொண்டவளுக்குத் தெரியாமல் இருக்குமா?

ஸ்டான் போய் மூன்று வருஷம் ஆகிறது. சவப்பெட்டிமேல் தொழிற்சங்கக் கொடியைப் போர்த்தித்தான் அனுப்பினார்கள். வெளியே, கடைசிவரை போராட்டத்தில் நின்றவர்களுக்கு வைத்த நினைவுக்கல்லில் அவன் பெயர் இருக்கிறது. விஷயம் வெளியே வந்தால் அதை உளி வைத்துக் கொத்திவிடுவார்கள். அவள் ரொட்டி வாங்கக்கூட வேறு ஊருக்குப் போகவேண்டியிருக்கும்.

"இது எங்க கிடைச்சுது, ஹாவர்டு?" என்று கூட்டத்தில் ஒரு குரல் கேட்டது.

"பக்கத்து ஊர்ல ஒரு வீட்டைக் காலி பண்ணாங்க. பரண்ல கிடந்துச்சாம்," என்றார் ஹாவர்டு. வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். கம்ப்யூட்டர் கைக்கு வந்ததிலிருந்து ஊரில் ஒருவருக்கும் ஓய்வு கிடையாது. "இருங்க, பெருசாக்கிக் காட்டறேன்."

கம்பிவலை பெரிதானது. மூடிய முகம். சுரங்கத்தில் எல்லோருக்கும் கொடுத்த அதே கறுப்புக் கோட்டு. நெஞ்சுக்கு நேரே கொஞ்சம் வெளிறிப்போன ஒரு புள்ளி. மற்றவர்களுக்கு அது புள்ளி. தன் பழைய கோட்டிலிருந்து அறுத்துத் தானே தைத்துக் கொடுத்த பொத்தானை நொரீனுக்கு அடையாளம் தெரியாதா? மடியில் கனம் இருந்தால் வழியில் பயம். டீக்கோப்பையைக் குனிந்து தரையில் வைத்தாள்.

"தோள் வாகு பார்த்த மாதிரி இருக்கே," என்றான் பின்வரிசையிலிருந்து லெஸ்.

நொரீனின் பயமெல்லாம் லெஸ்ஸிடம் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தெல்மாவிடம். அடுத்த வீட்டுக்காரி. எவர் வீட்டுக் கொடியில் எந்தத் துணி காய்ந்தது என்பது வரைக்கும் மனப்பாடம். அவளும் அவள் புருஷன் டெனிஸும் அந்த வருஷம் முழுக்கப் போராட்டத்தோடு நின்றவர்கள். கருங்காலி என்று சொல்லும்போதே தெல்மாவுக்கு எச்சில் தெறிக்கும்.

தெல்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு முன்னால் சாய்ந்தாள். வெகுநேரம் பார்த்தாள். எழுந்து நின்றாள்.

முடிந்தது என்று நொரீன் கண்ணை மூடிக்கொண்டாள்.

"தேடினது போதும். அது டெனிஸ். எங்க வீட்டுக்காரன்."



"அந்தக் குளிர் மாசமெல்லாம் இருட்டோட எழுந்து போவான். சுரங்கத்து மேல் வாசல் மறியலுக்குப் போறேம்பான். மேல இருந்தவங்க அவன் கீழ் வாசல்ல இருக்கான்னு நெனச்சிட்டிருந்தாங்க. ரெண்டுலயும் இல்லன்னு எனக்குத் தெரியும். கேக்க பயந்துகிட்டுக் கேக்கல. அவன் செத்தப்புறமும் நான் இதைச் சுமந்துகிட்டே திரிஞ்சேன். இனிமே முடியாது."

நொரீனுக்கு முதலில் வந்தது நிம்மதிதான். வெட்கம்கெட்ட நிம்மதி. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் போதும். ஸ்டான் கல்லில் பத்திரமாக இருப்பான்.

"கருங்காலிப் பொணத்துக்கா நான் தோள் கொடுத்தேன்?" என்றான் லெஸ். அவன் நாற்காலி கிறீச்சிட்டுத் திரும்பியது. இன்னொன்று திரும்பியது. முன்வரிசைப் பெண்கள் கைப்பைகளைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டார்கள்.

தெல்மா கிளம்புவதற்குக் கோட்டை எடுத்தாள். கை நுழைக்க இடம் தெரியாமல் தடவினாள். யாரும் உதவவில்லை. வேலைநிறுத்தம் நடந்த வருஷம் முழுக்க ஊருக்கே சூப் ஊற்றிய கை அது. நொரீன் தன்னை அறியாமலே எழுந்துவிட்டாள்.

"உக்காரு தெல்மா. அது டெனிஸ் இல்ல. எங்க ஸ்டான். அந்தப் பொத்தானைத் தெச்சதே நான்தான்."

நாற்காலிகள் இப்போது அவளுக்கு முதுகு காட்டின. அது அவள் எதிர்பார்த்ததுதான், தாங்கிக்கொள்ளலாம். தெல்மா கட்டிக்கொண்டு அழுவாள், இல்லையென்றால் கன்னத்தில் ஒன்று விடுவாள் என்று நினைத்தாள்.

தெல்மா இரண்டும் செய்யவில்லை. ஒரு கை கோட்டுக்குள்ளும் ஒரு கை வெளியிலுமாக நின்று திரையைப் பார்த்தாள். பிறகு நொரீனைப் பார்த்தாள்.

"அப்போ எங்க ஆளு," என்றாள் மெதுவாக, "தினமும் இருட்டோட எழுந்து எங்கடி போனான்?"

ஸ்டான் பஸ் ஏறக் கிளம்பிப் போன பிறகு பின்கதவைத் தட்டியவன் யார் என்று இந்த நாற்பது வருஷத்தில் நொரீனை ஒருவரும் கேட்டதில்லை.