சிவப்புக் கோடு

விடிந்தும் விடியாததுமாகக் கிழவர் பிக்கப் வண்டிக்கு அடியிலிருந்து ஸ்பானரும் கையுமாக ஊர்ந்து வெளியே வந்ததை மருமகள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டாள். மனதில் போட்டு வைத்துக்கொண்டாள்.

அன்றைக்குத்தான் மகனும் அவளும் வீட்டைக் காலி செய்கிறார்கள். அவளுடைய அண்ணன் வேறு ஊரில் பார்த்துக் கொடுத்த வேலை. அங்கே கிடைத்தது ஒரே அறை. பீரோ, கட்டில், மெத்தை எல்லாம் வண்டியில் ஏறிவிட்டன. கிழவருக்கென்று ஒரு நாற்காலி, ஒரு பாய், ஒரு தட்டு, ஒரு டம்ளர் மிச்சம்.

வேலை கிடைத்ததை மகன் வந்து சொன்னபோது கிழவர் தலையைக்கூடத் தூக்கவில்லை. "போறதுன்னா போயேன். யார் உன்னைப் பிடிச்சு வெச்சிருக்கா?" என்றார். அதற்குப் பிறகு அதைப் பற்றி அந்த வீட்டில் பேச்சே இல்லை.

வண்டி கிளம்பி நடை வேகத்தில் தெருமுனை வரை போனது. அப்படியே திரும்பி வந்தது.

"அடியில டங்கு டங்குன்னு அடிக்குதுப்பா," என்றான் மகன்.

ஆயுசு முழுக்க லாரி ஓட்டியவர் கிழவர். எந்த மெக்கானிக்கையும் நம்பாதவர். சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு அடியில் நுழைந்தார். இன்ஜின் ஓட்டத்தைப் பின் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ஷாஃப்ட்டைப் பிடித்திருக்கும் நாலு போல்ட்டும் லூஸ். விரல் வைத்தாலே சுற்றின.

"காலையிலதானே முறுக்கினேன்..." என்று அடியிலிருந்து முணுமுணுத்தார்.

"முறுக்கினீங்களா?" என்றாள் மருமகள். "இது கழண்டா என்ன மாமா ஆகும்?"

"ஷாஃப்ட் கீழ விழுந்து ரோட்டுல குத்தும். வண்டி குட்டிக்கரணம் போடும். வேற என்ன ஆகும்?"

அவள் முகம் வெளுத்துவிட்டது. கிழவர் இருக்கிற பலத்தையெல்லாம் போட்டு நாலையும் முறுக்கினார். வெளியே வந்து தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏம்மா, உங்கிட்ட நெயில் பாலிஷ் இருக்கா?"

"எதுக்கு மாமா? நாங்க போனதும் போட்டு அழகு பார்க்கவா?"

"போல்ட்டுக்குப் போடணும். கொண்டா."

சிவப்புப் பாட்டில் வந்தது. போல்ட் தலையையும் அது உட்கார்ந்திருக்கும் இரும்பையும் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு இழுத்தார். வாயால் ஊதிக் காயவைத்தார். "போல்ட் இம்மி அசைஞ்சாலும் கோடு விலகிடும். இனிமே என் கையையே நான் நம்பறதா இல்லை."

கிழவர் கிரீஸைக் கழுவப் பின்கட்டுக்குப் போனார். மருமகள் தண்ணீர் பாட்டிலை நிரப்ப உள்ளே போனாள். சாமான்களுக்குப் போட்ட கயிற்றை இன்னும் இழுத்துக் கட்டுகிறேன் என்று மகன் வண்டியோடு நின்றான்.

மருமகள் வந்து ஏறி உட்கார்ந்ததும் மகன் ஜன்னல் வழியாக, "போயிட்டு வரேன்ப்பா," என்றான்.

"ம்."

இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. மகன் கியரில் கை வைத்தபடி அப்பாவையே பார்த்தான். கிழவர் காலியான தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்தத் தடவையும் வண்டி தெருமுனையைத் தாண்டவில்லை. பின்பக்கமாகவே உருண்டு வந்து வாசலில் நின்றது. மருமகள் கதவைத் திறந்துகொண்டு குதித்தாள்.

"போதும் மாமா! காலையில நீங்க ஸ்பானரோட அடியிலேர்ந்து வந்ததை நான் என் கண்ணால பார்த்தேன். தனியா இருக்க முடியலேன்னா வாயைத் திறந்து சொல்லுங்க. அதுக்காகப் பெத்த பிள்ளை உயிரோடயா விளையாடுவீங்க?"

எதிர் வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் கையில் பிழிந்த துணியோடு அப்படியே நின்றாள். வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தைதான் வரும் என்று கிழவருக்குத் தெரியும். மறுபடி அடியில் நுழைந்தார். மகனும் டார்ச்சை எடுத்துக்கொண்டு பக்கத்தில் ஊர்ந்து வந்து படுத்தான்.

வெளிச்சம் விழுந்தது. சிவப்புக் கோடுகள் நாலும் வைத்தது வைத்தபடி நேராக இருந்தன.

கிழவர் ஒரு போல்ட்டின் மேல் விரலை வைத்தார். சுற்றியது. அடுத்ததும் சுற்றியது. நாலுமே சுற்றின.

மல்லாந்து படுத்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். தானாகக் கழன்ற போல்ட் கண்டபடி நிற்கும். ஒன்று கால் சுற்று திரும்பியிருக்கும், ஒன்று அரைச் சுற்று. சொல்லி வைத்த மாதிரி நாலும் முழுச் சுற்று சுற்றி, கோட்டோடு கோடு வந்து நிற்க வேண்டுமானால் அதற்கு ஓர் ஆள் வேண்டும். கோட்டின் கணக்குத் தெரிந்த ஆள்.

வெளியே மருமகளின் செருப்புக் கால்கள் வாசலுக்கும் வண்டிக்குமாக நடந்துகொண்டிருந்தன.

"இது யார் வேலைடா?" என்றார், அவளுக்குக் கேட்காத குரலில்.

மகன் டார்ச்சை அணைத்தான். அவர் காதருகில் சொன்னான்:

"நானும் எத்தனை தடவைதான்ப்பா கழட்டுவேன்? ஒரு தடவை 'போகாதே'ன்னு சொல்லேன்."