தறிக்கு ஒரு டோக்கன்

கண்ணாடி ஓட்டின் வழியே இறங்கும் வெயில், உடலையும் கரையையும் இருவர் தனித்தனியே நெய்து கோக்கும் கோர்வைச் சேலையின் மேல், பாதி நெய்த நிலையில், கிடக்கிறது. சேலையின் உடலுக்கு ஊடுநூல் ஓட்டும் நாடாவை விட்டுவிட்டு அப்பா கலியாணசுந்தரம் காத்திருக்கிறார். கரைக்கு நாடா தள்ள வேண்டிய அம்மாவோ, பக்கத்தில் உட்கார்ந்து பட்டுக்கடைச் செயலியில் தன் போன் நம்பரை மறுபடியும் போடுகிறாள். உள்ளே போனால்தான் கடைக்கு அவளும் நெசவாளி. திரையில் சிவப்பு எழுத்து: ‘இந்தத் தறியின் நெசவாளர் ஏற்கெனவே உள்ளே இருக்கிறார்.’ மகள் குழலிக்கு அதைப் படிக்க வேண்டியதில்லை. பாஸ்வேர்டு வேண்டாம், கடையே டோக்கன் என்று ஒரு நுழைவு எண் கொடுத்து நெசவாளரை உள்ளே விடலாம் என்று அந்தச் செயலியை எழுதியவளே அவள்தான். தறிக்கு ஒரு டோக்கன் போதும் என்று கடை முதலாளி சொன்னபோது, தலையாட்டிவிட்டு வந்தாள்.

“அப்பா பேர்ல இருக்குதும்மா. ஒரு தறிக்கு ஒருத்தர்தான்.”

“கோர்வைத் தறிய ஒருத்தர் எப்பிடிம்மா ஓட்டுவாங்க? நீ இந்த வூட்லதான பொறந்த?”

அம்மா போனைத் தரையில் கவிழ்த்துவிட்டுக் கரை நாடாவை எடுக்கிறாள். நின்ற தறி ஓடுகிறது. ஆணியில் தொங்கும் பையிலிருந்து அப்பாவின் போனில் அந்தச் செயலி, குழலியே பதிந்து கொடுத்த குரலில் பேசுகிறது: “வணக்கம் கலியாணசுந்தரம். உங்கள் கைகளுக்கு எங்கள் நன்றி.”