சால்வியா பூத்தால்

"மறுபடியும் வெட்டியிருக்காங்க. வந்து பாருங்க, ஒரு மொட்டு மிச்சம் இல்லை."

சலூன் அக்கா பின்வாசல் படியில் நின்று குரல் கொடுத்தாள். தெருவில் எல்லோருக்கும் அவள் சலூன் அக்காதான். கணவர் தெருமுனையில் சலூன் வைத்திருந்தவர். அந்த 'வைத்திருந்தவர்' என்ற சொல்தான் அவளுக்கு ஆகாது.

சலூன்காரர் டீ டம்ளரோடு வந்து எட்டிப் பார்த்தார். சுவரோரத் தொட்டிகளில் சால்வியா பூச்செடி தளதளவென்று நின்றது. நேற்று நுனியில் தலைகாட்டிய சிவப்பு மொட்டுகளைத்தான் காணோம்.

"அணிலா இருக்கும்" என்றார்.

"அணில் இப்படியா கடிக்கும்? கத்தரியில நறுக்கின மாதிரி இருக்கு."

"அப்ப படிச்ச அணில்" என்றபடி உள்ளே போய்விட்டார்.

அவருக்கென்ன, கிண்டல் பண்ணுவார். வயிற்றெரிச்சல் அவளுக்குத்தானே.

போன வருடம் அவருக்கு லேசாகப் பக்கவாதம் வந்தது. தேறிக் கடையைத் திறந்த முதல் நாளே வலது கை நடுங்கி, உட்கார்ந்திருந்தவர் காதில் கத்தரி பட்டது. சின்னக் கீறல்தான். பட்டவர் கூட அதைப் பெரிதுபடுத்தவில்லை. இவர்தான் கடையைப் பூட்டிச் சாவியை அலமாரிக்குள் போட்டார்.

"எப்பங்க திறப்பீங்க?" என்று அவள் நச்சரித்தாள். அன்று அவள் வாங்கி வந்திருந்த வதங்கிய சால்வியா நாற்றுகளைக் காட்டி, "இது பூக்கட்டும். அன்னிக்கே திறக்கறேன்" என்றார்.

வைத்த செடியையெல்லாம் தண்ணீர் ஊற்றியே கொன்றவள் அவள். கள்ளிச்செடி கூட அவள் கையில் தப்பியதில்லை. நடக்காத காரியத்தைச் சொல்லித் தன் வாயை அடைக்கிறார் என்பது அவளுக்குப் புரியாமலில்லை. ஆனால் அவர் கொடாக்கண்டன் என்றால் இவள் விடாக்கண்டன். சொன்ன சொல் சொன்ன சொல்தான் என்று பிடித்துக்கொண்டாள்.

நேரே நர்சரிக்காரரிடம் போனாள்.

"மண்ணைத் தொட்டுப் பாருங்கம்மா. காய்ஞ்சிருந்தா மட்டும் தண்ணி. பாசத்தைக் காட்டி வேரை அழுக வெச்சிடாதீங்க" என்றார் அவர்.

குடத்தைப் பார்த்தால் கை பரபரக்கும். அடக்கிக்கொண்டாள். வெயில் நகர நகரத் தொட்டிகளை இழுத்து இடுப்பு விட்டுப் போனது. செடி பிழைத்தது, கிளைத்தது, மொட்டும் கட்டியது. அப்போதுதான் இந்தத் திருட்டு ஆரம்பித்தது. மொட்டு வருவதும் மறுநாள் காணாமல் போவதுமாக அவள் பொறுமையைச் சோதித்தது.

இதற்கு நடுவே கடைக் கட்டடத்தின் சொந்தக்காரர் வேறு சொல்லி அனுப்பிவிட்டார். இந்த மாதமும் திறக்காவிட்டால் வேறு ஆளுக்கு விட்டுவிடுவாராம்.

மறுபடி நர்சரிக்காரரிடம் முறையிட்டாள். அவர் சிரித்தார்.

"நல்லதுதானேம்மா. ஒரு நுனியை வெட்டினா ரெண்டு கிளை வெடிக்கும். யாரோ உங்களுக்குச் சும்மா வேலை செஞ்சு குடுக்கறாங்க."

"எனக்குக் கிளை வேண்டாங்க. பூ வேணும்."

அவளுடைய சந்தேகம் மாடி வீட்டம்மா மேல். செடியால் தேனீ வருகிறது என்று ஒருமுறை முகத்தைச் சுளித்தவள். அன்று சாயங்காலமே மாடிப்படி ஏறிக் கேட்டுவிட்டாள்.

"ஏங்க, பிடிக்கலைன்னா நேரா சொல்லலாமில்ல? மொட்டை ஏன் வெட்டறீங்க?"

"எனக்கு முட்டி வலி. மாடியை விட்டு இறங்கியே ஒரு வாரமாச்சு" என்றாள் மாடி வீட்டம்மா. "செடிக்கிட்ட உட்கார்ந்து வெட்டிட்டு, அப்புறம் என்னை யாரு தூக்கி விடறது?"

சலூன் அக்கா அசடு வழிய இறங்கி வந்தாள். ஆனாலும் விடுவதாக இல்லை. இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு, ஆளைப் பிடிக்காமல் ஓயப்போவதில்லை.

மறுபடி மொட்டுகள் தலைகாட்டிய அன்று காலை, "மார்க்கெட்டுக்குப் போயிட்டு வரேன்" என்று பையோடு கிளம்பினாள். தெருமுனை வரை போய், பக்கத்துச் சந்து வழியாகத் திரும்பி வந்து, கொடியில் காய்ந்த போர்வைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் பின்வாசல் கதவு திறந்தது. சலூன்காரர் வந்தார். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டுத் தொட்டி அருகே குந்தினார். மடியிலிருந்து கடைக் கத்தரியை எடுத்தார்.

சக், சக் என்று மொட்டுகள் விழுந்தன.

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. போர்வையை விலக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"நீங்களா?"

அவர் திரும்பவில்லை. தலையைக் குனிந்துகொண்டார்.

"பூத்துட்டாத் திறக்கணுமே. நீ விடமாட்டே" என்றார். "அன்னிக்குக் காதோட போச்சு. நாளைக்குக் கண்ணுல பட்டா? இந்தக் கையை நம்பி எவன் தலையைக் குடுப்பான், சொல்லு. பயமா இருக்கு. இந்தச் செடி வேற, ஒண்ணை வெட்டினா ரெண்டா வருது. தினம் வேலை கூடிக்கிட்டே போகுது."

சொல்லிக்கொண்டே அடுத்த மொட்டை வெட்டினார். அதற்கடுத்ததையும் வெட்டினார்.

எவ்வளவு பாடு பட்டாள். ஆத்திரத்தில் அவளுக்கு அழுகை முட்டியது. நன்றாக நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தவள், அவர் விரல்களைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள்.

"எத்தனை நாளா இப்படி நடுங்காம வெட்டறீங்க?" என்றாள்.

சலூன்காரர் மெல்லக் குனிந்து தன் வலது கையைப் பார்த்தார். கத்தரி அதில் ஆடாமல் அசையாமல் இருந்தது.