குலசிங்கத்துக்கு ஒரு பதில்

"இன்னொரு தடவை படி, மங்களம். அந்தக் குலசிங்கம் என்னதான் சொல்றான்?"

மங்களம் பத்திரிகையை மறுபடி விரித்தாள். துறைமுக வேலை முடிந்து குவீன்ஸ்டவுன் அடுக்குமாடி வீட்டுக்குத் திரும்பியிருந்த மருதப்பன், பனியனோடு உட்கார்ந்திருந்தான். அவனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வாசகர் கடிதங்களை அவள்தான் படித்துக் காட்டுவாள். அவன் சொல்லும் பதிலை எழுதுவதும் அவள்தான்.

"'பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்புவோம், தமிழை வீட்டில் சொல்லிக் கொடுப்போம். மாவை இரண்டு கையாலும் பிசைந்தால்தான் சப்பாத்தி மெத்தென்று வரும். பிள்ளைக்கும் இரண்டு மொழி வேண்டும். இப்படிக்கு, குலசிங்கம்.'"

படித்து முடித்ததும் பத்திரிகையை அவசரமாக மடித்தாள். அந்தக் குலசிங்கமே அவள்தான்.

வரும் ஜனவரியில் மகளைப் பள்ளியில் சேர்க்க வேண்டும். தமிழ்ப் பள்ளிதான் என்று மருதப்பன் தீர்த்துச் சொல்லிவிட்டான். எட்டு வருஷக் குடித்தனத்தில் அவன் பேச்சை அவள் ஒருநாளும் மறுத்ததில்லை. வாயால் சொல்ல முடியாததை வேறு பெயரில் எழுதிப் போட்டாள். இது மூன்றாவது கடிதம். தெரிந்தால் பேனாவையே முறித்துப் போட்டுவிடுவானோ?

"மாவு பிசையறானாம்லா!" மருதப்பன் தொடையில் தட்டிச் சிரித்தான். "ஆபீஸ்ல நாற்காலி தேய்க்கிற மனுஷன், வீட்டுக்கு வந்தா அடுப்படிதான் போல! சரி, எழுது."

அவள் பேனாவைத் திறந்தாள்.

"ஐயா குலசிங்கம், எனக்குக் கல்யாணம் ஆகறதுக்கு முன்னாடி, எங்க ஆத்தா செத்த சேதி ஊர்லேருந்து கடுதாசியா வந்துச்சு. படிச்சுச் சொல்ல ஆளில்லாம ரெண்டு நாள் அதைச் சட்டைப் பையில வச்சுக்கிட்டு மூட்டை தூக்கினேன். என் மகளுக்கு அந்தக் கதி வரக் கூடாது. தமிழ்தான் அவளுக்கு முதல்ல வேணும்."

பேனா நின்றது.

"இதை நீங்க எங்கிட்ட சொன்னதே இல்லையே?"

"நீ எதிர்த்துக் கேட்டாத்தானே சொல்ல வரும்? எழுது."

ஒரு வார்த்தையை விட்டாலும் அவளுக்கு லாபம்தான். ஆனாலும் ஒன்றையும் விடவில்லை. எழுதி முடித்ததும் மெல்லக் கேட்டாள்.

"ஏங்க, அந்தாளு கடுதாசியை இனிமே போடாதீங்கன்னு பத்திரிகைக்கு எழுதட்டுமா?"

"சே! அவன் வாயை அடைச்சிட்டா நான் பேசறது சரின்னு ஆயிடுமா? எழுதட்டும்லா."

ஆணியில் மாட்டியிருந்த சட்டையின் பையில் கையை விட்டு, இரண்டு ஸ்டாம்புகளை எடுத்து அவள் முன்னால் வைத்தான்.

"ஒரு கடுதாசிக்கு எதுக்குங்க ரெண்டு?"

"ஒண்ணு என்னுதுக்கு. இன்னொண்ணு, அரிசி டின்னுக்குப் பின்னால நீ ஒளிச்சு வச்ச கடுதாசி பாதியில நிக்குதே, அதுக்கு. சீக்கிரம் முடிச்சு அனுப்பு. குலசிங்கத்தோட பதிலைக் கேக்காம பாப்பாவை நான் எந்தப் பள்ளியிலயும் சேர்க்கப் போறதில்ல."