தராசில் ஒரு பிழை

“இந்தப் பிழையைத் திருத்தாம உங்க கேமை வெளியிட ஏலாது மிஸ்,” என்றார் கொழும்புக் கம்பனிக்காரர் ஃபோனில். “இருபது கிலோ தேயிலைக் கொழுந்து பறிச்சாலும் தராசு பதினெட்டுதான் காட்டுது.”

“அது பிழை இல்லைங்க சார். அப்படித்தான் செஞ்சேன்,” என்றாள் ஜீவராணி.

“விளையாடுறவங்க நம்மளக் கள்ளனுங்கன்னு சொல்லுவாங்களே.”

கொட்டகலைத் தோட்டத் தொழிலாளர் லயத்து அறையில் இரண்டு வருடமாகப் பார்த்துப் பார்த்துச் செய்த கேம். பல்லைக் கடித்துக்கொண்டு தராசைத் திருத்தினாள். மறுவாரமே வெளியிட்டார்கள். ஐயாயிரம் பேர் தரவிறக்கி விளையாடினார்கள். தராசைப் பற்றி யாரும் குறை சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் ஃபோனைக் கொடுத்தாள். முப்பது வருடமாகக் கொழுந்து பறிக்கும் விரல்கள் திரையிலும் சளைக்கவில்லை. சாக்கு நிறைந்தது. தராசு சரியாக இருபது கிலோ காட்டியது. அம்மாவின் முகம் சுருங்கியது.

“என்னம்மா, பிடிக்கலையா?”

“எல்லாம் நம்ம மலை மாதிரியே இருக்கு புள்ள. தராசுலதான் பிழை விட்டுட்ட. சாக்குக்கும் இலையில இருக்கிற தண்ணிக்கும்னு தோட்டத்துல எப்பவும் கழிக்கிற ரெண்டு கிலோவைக் கழிக்கவே இல்லையே. தோட்டத்து ஆளுங்க பாத்தா சிரிப்பாங்க. திருத்திடு.”