விடை தெரிந்த ரத்தம்

“அக்கா, மூணாவது தடவையும் அப்படியேதான் வருது!”

கத்தியவள் புயல். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே டியூப் தட்டை மொத்தமாகக் கவிழ்த்துவிட்டதால், திசுப் பொருத்தம் பார்க்கும் அந்த லேபில் அவளுக்கு வந்து ஒட்டிக்கொண்ட பெயர் அது.

லேபில் அவளுக்கு மூத்தவள் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பாமலே தலையாட்டினாள்.

நோயாளி ஒரு பள்ளிப் பேருந்து ஓட்டுநர். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. இன்னொருவருடையதை வைக்கலாம் என்றால், திசு மரபணு ஒத்துப்போக வேண்டும். அவருக்கு வாய்த்ததோ ஊர் உலகத்தில் இல்லாத சேர்க்கை. தம்பி, தங்கை, மனைவி என்று எல்லாரும் கையை நீட்டிப் பார்த்துவிட்டார்கள். ஒருவருடையதும் சேரவில்லை.

லேபில் ஒரு வழக்கம் உண்டு. நோயாளியின் ரத்தத்தோடு, விடை முன்பே தெரிந்த ஒரு ரத்தத்தையும் சேர்த்து ஓட்டுவார்கள். அதைக் கன்ட்ரோல் என்பார்கள். தெரிந்த விடை சரியாக வந்தால், மெஷின் ஒழுங்காக இருக்கிறது என்று அர்த்தம்.

இன்று நோயாளிக்கும் கன்ட்ரோலுக்கும் ஒரே விடை.

காலையில் இதைப் பார்த்ததுமே, “மாத்தி ஊத்தியிருப்பே, திரும்பப் போடு” என்று மூத்தவள் கடிந்துகொண்டாள். பாவம், புயல் தலையில் அடித்துக்கொண்டு, சாப்பிடக்கூடப் போகாமல் திரும்பத் திரும்பப் போட்டாள்.

அவள் மேல் தப்பில்லை என்பது முதல் தடவையே மூத்தவளுக்குத் தெரியும்.

கன்ட்ரோல் யாருடையது என்பதும் தெரியும். டியூபில் பெயர் இல்லை. அபூர்வமான சேர்க்கை என்பதாலேயே தேர்ந்தெடுத்து வைத்த ரத்தம்.

ரத்தம் கொடுத்த அந்த ஆளுக்கும் குடும்பம் இருக்கிறது, பள்ளிக்கூடம் போகும் மகள் இருக்கிறாள், முன்பின் தெரியாத ஒருவருக்காக எதற்கு வயிற்றைக் கிழித்துக்கொள்ள வேண்டும் என்று மனதுக்குள் வக்காலத்து வாங்கிப் பார்த்தாள். எடுபடவில்லை. தானம் கொடுக்க வருகிறவர்களிடம், உயிர் வாழ ஒரு சிறுநீரகம் போதும், பயப்படாதீர்கள், ஒரு குறையும் வராது என்று வாய் நிறையச் சொல்லி அனுப்புகிறவளே அவள்தான்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே பெஞ்சில் ஓட்டுநரின் மனைவி. மடியில் அவருடைய ஸ்வெட்டர். கதவு அசையும்போதெல்லாம் எழுந்து நிற்கிறாள், பிறகு உட்கார்ந்துகொள்கிறாள்.

அவள் முகத்தில் விழிக்க அஞ்சி, மூத்தவள் தண்ணீர் பிடிக்கக்கூட வெளியே போகவில்லை.

“கலந்தெல்லாம் போகலக்கா. நிஜமாவே ரெண்டும் ஒண்ணுதான். இது யாரோடதுன்னு மட்டும் சொல்லுங்க, கால்ல விழுந்தாவது கேட்டுப் பாக்கலாம்.”

ஒரு வார்த்தை சொன்னால் போதும். வெளியே இருப்பவள் ஸ்வெட்டரை எடுத்துக்கொண்டு வார்டுக்கு ஓடுவாள்.

பழைய சாம்பிள் என்றாள் மூத்தவள். எந்தக் காலத்திலோ எடுத்தது, கொடுத்தவர் எங்கே இருக்கிறாரோ, உயிரோடுதான் இருக்கிறாரோ இல்லையோ என்றாள். சொல்லச் சொல்ல, இவ்வளவு சரளமாகப் பொய் வருகிறதே என்று அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

புயலின் முகம் தொங்கிப்போயிற்று. டியூபை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ரத்தம் கழுத்துவரை இருந்தது.

“போன வாரம் இது காலியாத்தானேக்கா இருந்துச்சு?”

குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டாள்.

மூத்தவளின் முழங்கை மடிப்பில், ஊசி ஏறிய இடம் இன்னும் கன்றியிருந்தது. சுருட்டிவிட்டிருந்த கோட்டின் கையை, யாரும் பார்க்காதபடி, மெல்லக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள்.