ஓ... நாய்!

கருவாட்டு வாசம் வந்தால் செவலை நாய்க்குத் தலைகால் புரியாது. அன்று அந்தி மங்கும் நேரம், கொடியில் தொங்கிய கருவாட்டை எட்டிப் பிடிக்கப் பின்னங்கால்களில் எழும்பி நின்றது. அந்த வழியாக வந்த டீக்கடை பொன்னையா யாரோ ஆள் என்று திடுக்கிட்டு, பிறகு உற்றுப் பார்த்து, "ஓ... நாய்!" என்றார்.

எதிர்வீட்டு மாடியில் நின்ற ஒருவர் காதில் அது "ஓநாய்" என்று விழுந்தது. அவசரத்தில் கலங்கலாக ஒரு படம் எடுத்து வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டார். விடிவதற்குள் ஊரெல்லாம் ஓநாய் மனிதன் பேச்சு. படத்தைப் பார்த்த பொன்னையாவே, தான் கண்டது நாய்தான் என்பதை மறந்து, கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளேயே உட்கார்ந்துவிட்டார்.

செவலைக்கோ தினமும் கிடைக்கும் பன் போச்சே என்ற கவலை.

"நேரா போய் நில்லு. உன் மூஞ்சியைப் பார்த்தா எவனுக்குப் பயம் வரும்?" என்றது மதில்மேல் உட்கார்ந்திருந்த அதன் சிநேகிதக் காக்கா.

பட்டப்பகலில் செவலை கடை முன்னால் பின்னங்கால்களில் நின்று வாலை ஆட்டியது. பொன்னையா குனிந்து நாயைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார்.

"அவரேதான்! பகல்ல நாயா மாறிடுறாரு!"

நேற்றுவரை "இந்தா நாயே" என்று பன்னை வீசியவர், வெண்ணெய் தடவித் தட்டில் வைத்து, "சாப்பிடுங்க" என்று கைகட்டி நின்றார்.

"ஒரு தடவை குரைச்சுக் காட்டேன், நாய்னு புரிஞ்சிடும்," என்றது காக்கா.

"வாய் நிறைய பன் இருக்கே," என்றது செவலை, "எப்படிக் குரைக்கிறது?"